பதினோரு மாதத்துக்கு ஒரு ராத்திரி

வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பவனை ஊரார் இரண்டே சமயங்களில்தான் நினைப்பார்கள்: வீடு கிடைக்காதபோதும், கிடைத்த வீட்டை விட்டுப் போகும்படி ஆனபோதும். வாடகை வீட்டில் ஒரு மழைக்காலமாவது கழித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டில் கோயம்புத்தூர் ரோட்டை ஒட்டிய சந்திராநகரில் ஆஸ்பத்திரி பக்கம், பஸ் பக்கம், கடை பக்கம். அதனால் எல்லோருக்கும் அங்கேதான் வீடு வேண்டும். என் பிழைப்பும் அங்கேதான் நடந்தது.

நாச்சிமுத்துவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அங்கே ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியில், அவருடைய சொந்த ஃபிளாட்டில். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் நெல்லும் தென்னையும் உள்ள விவசாயி அவர். அன்று சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் குடித்தனக்காரருக்கும் அவர் மனைவிக்கும் தன் கையால் சோறு போட்டுக்கொண்டிருந்தார். குடித்தனக்காரர் மாடசாமி, அந்த வீட்டுக்கு முதல் முறை வந்தவரைப் போல இலையைப் பார்த்தபடி கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். அது அவர் பல வருஷமாகக் குடியிருந்த வீடு. இந்த விசித்திரம் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நான் கிளம்பும்போது நாச்சிமுத்து, மூலையில் கிடந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டிச் சொன்னார்: "ஏனுங்க, அடுத்த தடவைக்கு இந்தக் கட்டிலு ஆகாதுங்க. கயிறெல்லாம் தொங்கிப்போச்சு. வேற பின்னச் சொல்லோணும்."

வீட்டுக்கு என்ன வேலை

மாடசாமி பீர்மேட்டில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் மெஷின் ஓட்டியவர். பிறந்தது, கல்யாணம் செய்தது, ஓய்வு பெற்றது எல்லாம் எஸ்டேட் லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளைத்தான் லயம் என்பார்கள். வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். வேலை முடிந்தால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது பிள்ளைகளில் ஒருவர் அதே வேலையில் ஏற வேண்டும். மாடசாமிக்கு ஒரே மகள், செல்வி. அவள் கொழுந்து கிள்ளப் போகாமல் நர்ஸுக்குப் படித்து, சந்திராநகர் அருகே ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அம்மா பேச்சியம்மாளுக்கு மூச்சிரைப்பு. மலைக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட, அப்பா ஓய்வு பெற்ற கையோடு இருவரையும் கீழே கூட்டி வந்தாள்.

மாடசாமி முதல் நாளே தன் தேவையைச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு வேண்டும், அதில் ஏறினால் அப்புறம் மாறக் கூடாது. வேறு எதற்கும் அவர் பேரம் பேசவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் குழாயைத் திறப்பார்கள், பிறகு ஜன்னலைத் திறந்து அடுத்த வீட்டை நோட்டம் விடுவார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்ன பிறகுதான் வந்தார். வாடகையைச் சொன்னேன், தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வாடகை சரி அண்ணாச்சி. இந்த வீட்டுக்கு நாம என்ன வேலை செய்யணும்?"

புதினா வாளி

நாச்சிமுத்துவுக்கு ஒரு பயம் இருந்தது. கிழக்குப் பாலக்காட்டில் நிலம் வைத்திருந்த குடும்பங்களில் பலருக்கும் உண்டு என்றாலும், அதை மூன்றாவது மாடிவரை ஏற்றிக்கொண்டு வந்தவர் இவர் ஒருவர்தான். கேரளத்தில் நிலச் சட்டம் வந்த காலத்தில் இவருடைய அப்பா குத்தகைக்கு விட்டிருந்த வயல்கள் உழுதவர்களுக்கே போய்விட்டன. தோப்பு ஓரத்தில் குடிசை போட்டிருந்தவருக்குக் குடிசையைச் சுற்றிய இடமும் கிடைத்தது. குடியிருந்தவருக்கு வரும் அந்த உரிமையைக் குடிகிடப்பு என்பார்கள். கிடைத்தவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் நான் வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறேன், அதனால் யார் பக்கம் நியாயம் என்று பேச நான் ஆள் இல்லை. அப்பாவிடமிருந்து நாச்சிமுத்துவுக்கு மிச்ச நிலத்தோடு அந்தப் பயமும் வந்து சேர்ந்தது. ஒருவன் வருஷம் முழுக்க அடுப்பெரித்து, ஒரு செடியையும் நட்டுவிட்டால் இடம் அவனுடையதாகிவிடும் என்று நம்பினார். ஃபிளாட்டுக்கு அதெல்லாம் கிடையாது என்று வக்கீல் சிரித்தார். தன் அப்பாவின் வக்கீலும் சிரித்தவர்தான் என்று இவர் அந்தச் சிரிப்பை நம்பவில்லை.

அதனால் இரண்டு நிபந்தனைகள். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு. அது முடிந்ததும் சாமான் சட்டோடு வெளியே வந்துவிட வேண்டும், வீடு ஒரு ராத்திரி அவர் பூட்டில் காலியாகக் கிடக்க வேண்டும். மறுநாள் புதுக் குடித்தனம் போலப் பால் காய்ச்சி உள்ளே போகலாம். இரண்டாவது, வேர் பிடிக்கிற எதையும் வைக்கக் கூடாது. லயத்தில் வாழ்ந்தவருக்கு எஜமானர்களின் விதிகள் புதிதல்ல, மாடசாமி ஒத்துக்கொண்டார். ஆனால் பேச்சியம்மாள் பால்கனியில் ஒரு பெயின்ட் வாளியில் புதினா வைத்துவிட்டாள். ஒருநாள் வந்த நாச்சிமுத்து அதைப் பார்த்து நின்றுவிட்டார். மூன்றாவது மாடியில் வேர் எங்கே போய்விடும் என்று நான் கேட்டேன். வாளியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எங்கப்பனும் இப்புடித்தானுங்க கேட்டாரு, ஒரு வாழக்கன்னு என்னுங்க பண்ணும்னு."

பீரோ ஊர்வலம்

முதல் பதினோரு மாதம் முடிந்தது. பீரோ, கட்டில், மிக்ஸி, பாத்திரம், சாமி படங்கள் எல்லாம் லிஃப்டில் இறங்கி என் வீட்டு முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் இருந்தன. மாடசாமியும் பேச்சியம்மாளும் அன்று எங்கள் வீட்டில் தங்கினார்கள். என் மனைவி கனகம் அவர்களுக்கு, உறவுக் கூட்டமே வந்ததுபோல நிறையச் சமைத்துப் போட்டாள். மறுநாள் காலை எல்லாச் சாமானும் திரும்ப மேலே ஏறியது, பால் பொங்கியது, நாச்சிமுத்து நிம்மதியாகச் சித்தூர் பஸ் ஏறினார்.

இரண்டாவது முறை இறக்கும்போது ஃபிளாட் சங்கத்தின் செயலாளர் விஸ்வநாதன் கீழே நின்றுகொண்டிருந்தார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்பாத்தி அக்ரஹாரத்தில் வளர்ந்தவர். யாரோ காலி செய்கிறார்கள் என்று நினைத்து வருத்தம் தெரிவிக்க வந்திருந்தார். நாளைக்கே திரும்ப வருகிறார்கள் என்று சொன்னேன். லிஃப்டில் மாட்டிக்கொண்ட பீரோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கேட்டேளோ, எங்க கல்பாத்தித் தேராவது வருஷத்துக்கு ஒரு தரம்தான் நகர்றது. இவா பீரோ பதினோரு மாசத்துக்கே பொறப்பட்டுடறதே."

குறைந்துகொண்டு வந்த வீடு

நீங்களும் கவனித்திருப்பீர்கள், வாடகை வீட்டில் சாமான் தானாகப் பெருகும். மாடசாமி வீட்டில் அது குறைந்துகொண்டு வந்தது. முதலில் பீரோ போயிற்று, இரும்புக்காரரிடம். பிறகு கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய அண்டா. செல்விக்கு வளைகுடாவில் வேலை கிடைத்துப் போனபோது அவள் கட்டிலையும் கொடுத்துவிட்டார்கள். அவள் ஃபிரிட்ஜ் வாங்கப் பணம் அனுப்பினாள். அப்பா அதை எடுக்கவே இல்லை.

நான் போனபோது அந்த ஹாலில் பேசினால் எதிரொலி கேட்டது. பேச்சியம்மாள் ஒரே ஒரு தம்ளரில் எனக்கு டீ கொடுத்துவிட்டு, அது காலியானதும் அதிலேயே தன் புருஷனுக்குக் கொடுக்கக் காத்திருந்தாள். இன்னும் இரண்டு வாங்கினால் என்ன என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வாங்குதது லேசுதான் அண்ணாச்சி. எறக்கும்போது அதையும்லா எறக்கணும்."

கனகம் கேட்டது

ஒரு வருஷம் பேச்சியம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாட்களில் பதினோராம் மாதம் முடிந்தது. படுக்கையிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போவதே அவளுக்கு மலையேறுவது போல. லிஃப்ட் இருந்தாலும், கொஞ்ச நாள் அவளை அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாடசாமி என்னிடம் வந்து, இந்த ஒரு தடவை மட்டும் விடச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாவிட்டால் வேறு வீடு பார்க்க வேண்டும், அதற்கும் அவளைத் தூக்கித்தானே போக வேண்டும் என்றார்.

நானும் கனகமும் சித்தூருக்குப் போனோம். நாச்சிமுத்து கல்நெஞ்சர் இல்லை. அந்த அம்மாவுக்கு இளநீர் கொண்டு போங்கள் என்று முதலில் காய் வெட்டச் சொன்னார். ஆனால் வீடு கைமாறாமல் தொடர்ந்து ஒருவரிடமே இருப்பதை நினைத்தாலே அவருக்குத் தூக்கம் வராது. கெஞ்சினேன். அவரும் என்னிடம் கெஞ்சினார். நிபந்தனையை விட்டுக்கொடுக்க அவரால் முடியவில்லை, அந்த அம்மாவை இறக்கச் சொல்லவும் வாய் வரவில்லை. அப்போது கனகம் பேசினாள். அந்த ஒரு ராத்திரி நீங்களே வந்து வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள், சாவி உங்கள் கையில், அடுப்பு உங்கள் கையில், அவர்கள் உங்கள் விருந்தாளிகளாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். நாச்சிமுத்து யோசித்தார். விருந்தாளியும் நாளைக்கு உரிமை கேட்டால் என்று இழுத்தார். கனகம் விடவில்லை: "ஏனுங்கண்ணா, உங்கூட்டுக்கு எத்தன பேரு விருந்துக்கு வந்துருப்பாங்க, எவிங்களாச்சும் காடு தோட்டத்த எழுதிக் குடுன்னு கேட்டாங்களா?"

உப்பு

சொன்னபடி வந்தார். ஒரு மூட்டை அரிசி, தேங்காய், கயிற்றுக் கட்டில், தன் சொந்தப் பூட்டு. விளையாட்டுக்காக அல்ல, முழு மனதோடு. மாடசாமி வாசலுக்கு வெளியே வந்து சாவியைக் கொடுத்தார். நாச்சிமுத்து உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தன் பூட்டைப் போட்டு, திறந்து, பிறகு வெளியே நின்றவரைப் பார்த்து "வாங்க, வாங்க, ஊட்டுல எல்லாரும் சொகமுங்களா" என்று கூப்பிட்டார். பேச்சியம்மாள் படுத்த இடத்திலேயே விருந்தாளி ஆனாள்.

அடுப்பு அவர்தான் பற்ற வைக்க வேண்டும். அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கும் எங்கள் பக்கத்துச் சோறு செய்தார். செய்தார் என்று சொல்வது மரியாதைக்காக. தண்ணீர் எடுக்க எழுந்த மாடசாமியை, விருந்துக்கு வந்தவர் எழக் கூடாது என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மறுநாள் காலை மாடசாமி சாவியைத் திரும்ப வாங்கிப் பால் காய்ச்சினார். சாப்பாடு எப்படி என்று தனியாகக் கேட்டேன். "நல்ல மனுசன் அண்ணாச்சி. உப்பு டப்பாவத் தேடு தேடுன்னு தேடுதாரு. அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், விருந்தாளி எப்படிச் சொல்லுததுன்னு சும்மா இருந்துட்டேன்."

மூன்றாவது இலை

அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. சாமான் இறங்கவில்லை. பேச்சியம்மாள் கொஞ்சம் தேறினாள், தம்ளர் இன்னும் இரண்டு வந்தது. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை நாச்சிமுத்து வந்து விருந்து வைத்தார், என்னையும் கனகத்தையும் கூப்பிடாமல் இருக்க மாட்டார். நெல் விலையும் தேயிலை விலையும் பேசிக்கொண்டு இரண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்திருப்பதைக் கீழே ரோட்டிலிருந்தே பார்க்கலாம். குடித்தனக்காரரும் வீட்டுக்காரரும் அப்படிச் சிரித்துப் பேசுவதை இந்தத் தொழிலில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இடையில் கனகம் போய்விட்டாள். காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. அந்த வருஷ விருந்தன்று நான் போகவில்லை. நாச்சிமுத்து ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆறிப்போன பாலும் ரொட்டியும் மேஜையில் இருப்பதைப் பார்த்தார், துக்கம் விசாரிக்கவில்லை. "வாங்க, மூணாவது எலயும் போட்டாச்சு. அந்தம்மா சொல்லிக் குடுத்த விருந்துக்கு நீங்க வராம எப்புடீங்க."

சித்தூரில்

நாச்சிமுத்து அறுவடை மெஷினைப் பார்த்துக்கொண்டு வயலில் நின்றவர், அப்படியே வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. புதுக் கட்டில் பின்னி வந்திருந்ததாம், அதற்கு இன்னும் யாரும் பணம் கொடுக்கவில்லை என்று பின்னியவர் சாவு வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாடசாமி என்னோடு வந்தார். பந்தலுக்குள் போகாமல் தோட்டத்து ஆட்களோடு ஓரமாக நின்றார். பேச்சியம்மாளை வீட்டில் விட்டு வந்த கவலை ஒன்று, இனி அந்த வீட்டுக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்ற கவலை ஒன்று, இரண்டும் அவர் முகத்தில் தெரிந்தன. உறவுக்காரர் ஒருவர் வந்து, நீங்கள் யார், ஃபிளாட்டில் இருக்கிற குடித்தனமா என்று விசாரித்தார். மாடசாமி துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "ஆமாங்க, வருசம் முச்சூடும் குடித்தனம். ஒரு நா மட்டும் அவுக விருந்தாளி."

பயமில்லாதவர்

நாச்சிமுத்துவின் மகன் செந்தில் கோயம்புத்தூரில் இருக்கிறார். படித்தவர், மரியாதை தெரிந்தவர், எங்கள் இரண்டு பேருக்கும் நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். அப்பாவின் ராத்திரி வழக்கத்தைக் கேட்டு அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இனி அது தேவையில்லை என்றார். யாரும் வெளியே வர வேண்டாம், நானும் வந்து தங்க மாட்டேன் என்றார். மாடசாமி என் கையைப் பிடித்து அழுத்தினார். எனக்கும் ஒரு நிமிஷம் பாரம் இறங்கியது போல இருந்தது.

ஆனால் அப்பாவின் பயம் போனதும் அந்த வீடு மகனுக்கு வெறும் வீடாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் இதைவிட நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுவும் உண்மைதான். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மாடசாமி, மனைவிக்கு உடம்பு முடியாது, வாடகை கூட்டித் தருகிறேன், மகள் அனுப்புவாள் என்று சொல்லிப் பார்த்தார். செந்தில் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்: "அப்பா சும்மா பயந்துட்டே இருந்தாருங்க. அந்தச் சட்டமெல்லாம் ஃபிளாட்டுக்கு வராதுங்க. நீங்க அவசரப்பட வேண்டாம், ரெண்டு மாசத்துல காலி பண்ணிக் குடுத்தாப் போதுமுங்க."

இருமல்

மறுபடி வீடு தேடினேன். சந்திராநகரில் எனக்குத் தெரியாத கதவு இல்லை. ஆனால் பேச்சியம்மாளின் இருமல் எங்களுக்கு முன்னால் மாடிப்படி ஏறியது. அதைக் கேட்டதும் வீட்டுக்காரர்களுக்குத் திடீரென்று மருமகன் ஊரிலிருந்து வருவதாக நினைவு வரும். வாடகை வீடு தேடியவர்களுக்கு அந்த மருமகனைத் தெரிந்திருக்கும். வாளையார்ப் பக்கம் ஒரு வீடு கொடுக்கத் தயாராக இருந்தார்கள். வாசலில் செக்போஸ்ட்டுக்கு நிற்கும் லாரி வரிசை, புகையும் புழுதியும். பேச்சியம்மாள் ஆட்டோவை விட்டு இறங்கவே முடியவில்லை.

கடைசியாக ஒரு தரைத்தள வீடு. மலையாளி அம்மா, நல்ல மாதிரி. மாடசாமியைப் பற்றி நான் உயர்வாகச் சொல்ல வேண்டும் என்று, இத்தனை வருஷம் ஒரே வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தவர்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா சாவியைத் திரும்பத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் மலையாளத்தில் சொன்னது தமிழில் இதுதான்: "அப்படி இருந்து பழகினவர்கள் இங்கே வந்தால் நான் எப்படிக் காலி செய்ய வைப்பேன்?"

மலைக்கு

செல்வி லீவு கேட்டும் கிடைக்கவில்லை. பீர்மேட்டில் மாடசாமியின் தங்கை மகனுக்கு எஸ்டேட்டில் வேலை, லயத்தில் வீடு. முன் அறையைத் தடுத்துத் தருகிறேன் என்று அவன் சொன்னான். ஒரு ஜீப்பில் எல்லாம் அடங்கிவிட்டது. பேச்சியம்மாளை நாற்காலியோடு தூக்கி லிஃப்டில் இறக்கினோம். விஸ்வநாதன் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடசாமி மேலே போய் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்தார்.

அந்த மழைக்காலத்தைப் பேச்சியம்மாள் தாண்டவில்லை. குளிர்தான் காரணமா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மாடசாமி எப்போதாவது போன் செய்கிறார். இங்கே வந்துவிடுங்கள், என் வீட்டில் இடம் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். சிரிக்கிறார். போன வாரமும் சொன்னார்: "இருக்கட்டும் அண்ணாச்சி. மருமகப்பிள்ளைக்கு வேலை இருக்கது வரைக்கும் இங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அந்த மூன்றாவது மாடியில் இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இரண்டு நாள், மூன்று நாள் தங்கிப் போகிறார்கள், சாவி கீழே வாட்ச்மேனிடம் இருக்கிறது, வீடு பிடித்துக் கொடுக்கிறவன் என்று ஒருவன் அதற்குத் தேவைப்படுவதில்லை.